ஜாஸ், மேற்கத்தியச் செவ்விசை ஒலிப்பதிவுகளைக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜாஸையும் மேற்கத்தியச் செவ்விசையையும் நேரில் கேட்கும் வாய்ப்பு நம்மில் பெரும்பாலோருக்கு அரிது. ஒலிப்பதிவுகள் வழியாகத்தான் அவை நம்மிடம் வந்து சேர்கின்றன. புதிதாகக் கேட்க வருபவரை முதலில் திணறடிப்பது இசை அன்று, பதிவுகளின் பெருக்கம். பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியைத் தேடினால் கணக்கற்ற பதிவுகள் வந்து நிற்கின்றன. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒரே ஆல்பம் வெவ்வேறு உறைகளோடும் வெவ்வேறு ஆண்டுகளோடும் கிடைக்கிறது. இவற்றைப் பிரித்தறியச் சொல்லித்தர ஆளில்லாமல் நெடுங்காலம் திண்டாடியவன் என்பதால், அடுத்து வருபவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். "கேட்டே தீர வேண்டிய நூறு பதிவுகள்" என்ற வகைப் பட்டியல்களைத் தள்ளி வையுங்கள். ஒரு பதிவை எடுத்துக்கொண்டு, அது என்று, எங்கே, யார் வாசித்துப் பதிவானது என்பதை அறிந்து, அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். கீழே உள்ள படிகள் யாவும் அதற்கு உதவுவதற்கே.

1. கருவி: பணத்தை எங்கே செலவிடுவது

கையிலுள்ள கைபேசியும் கம்பி இணைப்புள்ள நல்ல ஹெட்ஃபோனும் தொடக்கத்திற்குப் போதும். மூவாயிரம் ரூபாயிலிருந்து எட்டாயிரம் ரூபாய்க்குள் காதை முழுவதும் மூடும் ஒரு ஹெட்ஃபோன் வாங்கினால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. கைபேசியில் ஹெட்ஃபோன் துளை இல்லையென்றால், சார்ஜ் செய்யும் துளையில் செருகும் சிறிய மாற்றி ஒன்று வேண்டும். அது ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். புளூடூத் வழியாகக் கேட்டால் ஒலி மறுபடியும் சுருக்கப்படுவதால், கம்பியையே பரிந்துரைக்கிறேன். ஜாஸ் குழுவில் டபுள் பேஸ் எனப்படும் பெரிய தந்திக் கருவியின் விரலசைவும், சிம்பலின் மீது உரசும் பிரஷ்ஷின் ஒலியும் தெளிவாகக் கேட்டால்தான் குழுவில் யார் என்ன செய்கிறார் என்பது புரியும்.

இணையவழிச் சந்தாக்கள் இந்தியாவில் தனிநபருக்கு மாதம் நூறிலிருந்து முந்நூறு ரூபாய்க்குள் அடங்குகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2023-இல் செவ்விசைக்கென்றே தனிச் செயலி ஒன்றை வெளியிட்டது. ஆப்பிள் மியூசிக் சந்தா உள்ளவர்கள் அதற்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஒரு படைப்பின் எல்லாப் பதிவுகளையும் இசை நடத்துநர், ஆண்டு வாரியாகக் காட்டுவதில் பொதுச் செயலிகளைவிட அது பல மடங்கு உதவுகிறது.

பேருந்திலும் ரயிலிலும் செவ்விசை கேட்பதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். ஆர்கெஸ்ட்ராவின் மெல்லிய பகுதி இரைச்சலில் அமுங்கிப்போகும், நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள், அடுத்த நிமிடமே முழுக் குழுவும் சேர்ந்து முழங்கும்போது காது வலிக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு உட்காருவது எந்த விலையுயர்ந்த கருவியையும்விட அதிகப் பயன் தரும்.

டேட்டாவையும் கணக்கில் கொள்ளுங்கள். நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர இசைக்கு ஏறத்தாழ 144 எம்பி செலவாகும். சிடியின் முழுத் தரத்தில், சுருக்காமல் கணக்கிட்டால், அதே ஒரு மணி நேரம் ஏறத்தாழ 635 எம்பி; இழப்பின்றிச் சுருக்கும் முறைகளில் பெரும்பாலும் அதில் பாதி அளவுக்கு வரும். வீட்டு வைஃபையில் முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

2. செயலியின் அமைப்புகளை மாற்றுங்கள்

பாடல்களுக்காக வடிவமைக்கப்பட்ட செயலிகள், தம் வழக்கமான அமைப்பில் இந்த இசையைக் கெடுக்கின்றன. முதலில் கிராஸ்ஃபேடை, அதாவது ஒன்றின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் வசதியை, அணையுங்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியில் மூன்றாம் மூவ்மென்ட் (படைப்பின் ஒரு பகுதி) முடியாமலே நான்காவதற்குள் நுழைகிறது. டிம்பனி முரசின் மெல்லிய தட்டலின் மேல் வயலின்கள் ஏறிச்சென்று பேரொலியாக வெடிக்கும் அந்த இடத்தில் செயலி தன் விருப்பத்திற்கு ஒலியைக் குறைத்துக் கூட்டினால் அந்தப் படைப்பின் உச்சமே பாழாகிவிடும். இடைவெளியின்றி ஒலிக்கும் அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள். எல்லாப் பாடல்களையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவரும் அமைப்பை அணையுங்கள். மெல்லிய மூவ்மென்டும் முழக்கமான மூவ்மென்டும் ஒரே அளவில் ஒலிக்க வேண்டுமென்று எந்த இசையமைப்பாளரும் எழுதவில்லை. வரிசையைக் கலைத்து ஒலிக்கச் செய்யும் ஷஃபிளும், ஆல்பம் முடிந்ததும் தானாக வேறெதையோ ஒலிக்கச் செய்யும் வசதியும் வேண்டவே வேண்டாம்.

3. தேடும் முறை: பெயரால் அன்று, எண்ணால்

செவ்விசைப் படைப்புகளைச் செல்லப்பெயரால் தேடினால் தவறான இடத்திற்குப் போவீர்கள். ஒவ்வொரு இசையமைப்பாளரின் படைப்புகளுக்கும் அட்டவணை எண் உண்டு. அதை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து தேடினால் நேராகச் சென்று சேரலாம். பாகுக்கு பி.டபிள்யூ.வி., மோட்ஸார்ட்டுக்கு கே., ஷூபெர்ட்டுக்கு டி., ஹைடனுக்கு ஹாப். (Hob.), விவால்டிக்கு ஆர்.வி.; பீத்தோவன், பிராம்ஸ் போன்றோருக்குப் பெரும்பாலும் ஓபஸ் (Op.) எண்.

சிம்ஃபனியின் வரிசை எண்ணை மட்டும் நம்பியிருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. துவோர்ஷாக்கின் "புதிய உலகம்" சிம்ஃபனியை இன்று ஒன்பதாவது என்கிறோம். ஆனால் பழைய தட்டுகளில் அது ஐந்தாவது என்று அச்சிடப்பட்டிருக்கும். ஓபஸ் 95 என்று பார்த்துவிட்டால் குழப்பம் இல்லை. ஷூபெர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்ஃபனியைச் சிலர் எட்டாவது என்றும் சிலர் ஒன்பதாவது என்றும் எண்ணுகிறார்கள், டி. 944 என்பது மட்டும் மாறாது.

ஜாஸில் படைப்பைவிட அதை வாசித்தவர்களும் வாசித்த நாளும் முக்கியம் என்பதால், தலைவரின் பெயர், ஆல்பத்தின் பெயர், பதிவான ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

4. பதிவின் ஆவணங்களைப் படியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். செயலியில் காட்டப்படும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டாகவே இருக்கும். 1928 ஜூன் 28-இல் பதிவான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் "வெஸ்ட் எண்ட் புளூஸ்" இந்த நூற்றாண்டின் தொகுப்பு ஒன்றின் கீழ் அந்தத் தொகுப்பின் ஆண்டோடு தோன்றலாம். ஆகவே, பதிவான நாள், பதிவான இடம், வாசித்தவர்களின் பெயர்கள், மோனோவா (ஒரே ஒலித்தடம்) ஸ்டீரியோவா (இடம், வலம் என இரண்டு), எந்த மூல நாடாவிலிருந்து எடுக்கப்பட்டது ஆகிய ஐந்தையும் கண்டறியுங்கள். சிடியோடு வரும் சிறு கையேட்டில் இவை இருக்கும். கையேடு இல்லாதபோது, தட்டுகளின் விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அந்தப் பதிப்பின் அட்டவணை எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். உறையின் பின்பக்கப் படம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இந்த விவரங்கள் காதில் கேட்பதையே மாற்றக்கூடியவை. மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் புளூ" 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில் நியூயார்க்கின் முப்பதாம் தெருவிலிருந்த கொலம்பியா ஸ்டூடியோவில் பதிவானது. மார்ச் 2-இல் முதன்மைப் பதிவுக் கருவி சற்றே மெதுவாக ஓடியதால், அதிலிருந்து வெட்டப்பட்ட தட்டின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் கொஞ்சம் வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலித்தன. சரியான வேகத்தில் ஓடிய மாற்று நாடாவைக் கொண்டு 1990-களில்தான் அது திருத்தப்பட்டது. சுருதியில் தேர்ந்த காதுள்ள நம்மவர்கள் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசத்தை உடனே உணர்வார்கள். ட்ரம்பெட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக விரும்புபவர் திருத்தப்பட்ட பதிப்பைத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு சான்று, டியூக் எலிங்டன் குழு 1956 ஜூலை 7-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்த நிகழ்ச்சி. பால் கொன்சால்வெஸ் சாக்ஸஃபோனில் 27 சுற்றுகள் தனியாக வாசித்து மொத்தக் கூட்டத்தையும் எழுந்து ஆட வைத்த இரவு அது. ஆனால் அந்த ஆண்டு வெளியான தட்டின் பெரும்பகுதி பின்னர் ஸ்டூடியோவில் மீண்டும் வாசித்துக் கைத்தட்டல் சேர்க்கப்பட்டது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் நாடாவோடு இணைத்து 1999-இல் வெளியான பதிப்பில்தான் மேடையில் நடந்தது முழுமையாகக் கேட்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் கிடைக்கும். 1999-இல் வந்த அந்த இரட்டைத் தட்டுப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய பதிவுகளில் மேலும் இரண்டு பொறிகள் உண்டு. மோனோவில் பதிவானதைச் செயற்கையாகப் பிரித்து ஸ்டீரியோ என்று விற்ற பதிப்புகள் குகைக்குள் வாசித்ததுபோல ஒலிக்கும். அவற்றைத் தவிர்த்து மோனோ பதிப்பையே வாங்குங்கள். நிமிடத்துக்கு 78 சுழற்சி கொண்ட பழைய தட்டுகளின் இரைச்சலை முழுவதும் அகற்றிவிட்ட மலிவுத் தொகுப்புகளில், இரைச்சலோடு ட்ரம்பெட்டின் கூர்மையும் சேர்ந்தே போய்விடுகிறது. கொஞ்சம் இரைச்சல் இருப்பதே நல்ல பதிப்புக்கு அடையாளம் என்பது என் கருத்து. பத்து நிமிடத்தில் காது அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும்.

5. முதல் ஜாஸ் பதிவு: சுற்றை எண்ணுங்கள்

"கைண்ட் ஆஃப் புளூ"விலேயே தொடங்குங்கள். மொத்தம் சுமார் 45 நிமிடம்தான். ஆனால் முதல் வாரத்திற்கு அதில் இரண்டு உருப்படிகள் போதும்.

"ஃப்ரெடி ஃப்ரீலோடர்" பன்னிரண்டு பார்கள் (தாள அலகுகள்) கொண்ட புளூஸ். ஒரு பாருக்கு நான்கு தட்டு என்று கணக்கிட்டால் 48 தட்டுகளில் ஒரு சுற்று முடிகிறது. கச்சேரி கேட்டுப் பழகியவர் ஆவர்த்தனத்தைக் கையில் போடுவதுபோல இந்த 48 தட்டுகளையும் தொடையில் தட்டிக்கொண்டே வந்தால், யாருடைய மனோதர்மம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். முதலில் பியானோவில் வின்டன் கெல்லி, பிறகு மைல்ஸ், அடுத்து சாக்ஸஃபோனில் ஜான் கோல்ட்ரேன், அதன்பின் அதே வகைக் கருவியில் கேனன்பால் ஆடர்லி. இந்த ஒரே உருப்படியில்தான் கெல்லி வாசிக்கிறார். மற்றவற்றில் பியானோ பில் எவன்ஸ்.

"ஸோ வாட்" 32 பார்கள் கொண்டது. எட்டெட்டாக நான்கு பகுதிகள். முதல் இரண்டும் கடைசியும் ஒரே ஸ்வர வரிசையில் அமைய, மூன்றாவது மட்டும் அரை ஸ்வரம் மேலே ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்தைக் காது பிடித்துவிட்டால் வழி தவறாது. மைல்ஸ், கோல்ட்ரேன், ஆடர்லி மூவரும் ஆளுக்கு இரண்டு சுற்றுகள் வாசிக்கிறார்கள். ஒரே அளவு இடத்தில் மைல்ஸ் எத்தனை மௌனத்தை விடுகிறார், கோல்ட்ரேன் எத்தனை ஸ்வரங்களை நிரப்புகிறார் என்று ஒப்பிட்டுக் கேளுங்கள். எனக்கு ஜாஸ் பிடிபட்டது இந்த ஒப்பீட்டில்தான்.

அடுத்ததாக டேவ் புரூபெக் குழுவின் "டேக் ஃபைவ்" கேட்கலாம். ஐந்து தட்டு என்றதும் கண்ட சாப்புக் கணக்கில் இரண்டு, மூன்று என்று பிரித்தால் கை ஒட்டாது. இதில் மூன்று முதலில், இரண்டு பின்னால். அதன் பிறகு பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25-இல் வில்லேஜ் வான்கார்டு அரங்கில் வாசித்த பதிவு. கோப்பைகள் மோதும் ஒலியும் பேச்சொலியும் அதில் கேட்கும்; உங்கள் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அந்த நாளின் முழுத் தொகுப்பில் ஒரே பாடல் இரண்டு, மூன்று முறை வரும் என்பதால், தொடக்கத்தில் தனித்தனி ஆல்பங்களாக வந்த வடிவத்தையே எடுங்கள்.

கோல்ட்ரேனின் "எ லவ் சுப்ரீம்" 1964 டிசம்பர் 9-இல் பதிவான நான்கு பகுதிகள், 33 நிமிடங்கள். அதை இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டும். ஆகவே முதல் மாதத்தில் அது வேண்டாம்.

6. முதல் செவ்விசைப் பதிவு: ஒரே படைப்பு, இரண்டு வாசிப்பு

பாகின் கோல்ட்பெர்க் மாறுபாடுகள், பி.டபிள்யூ.வி. 988. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இதை 1955-இலும் 1981-இலும் இரண்டு முறை ஸ்டூடியோவில் பதிவு செய்தார். இரண்டும் பதிவானது "கைண்ட் ஆஃப் புளூ" உருவான அதே முப்பதாம் தெரு ஸ்டூடியோவில், முன்பு தேவாலயமாக இருந்த உயர்ந்த கூரையுள்ள அந்தக் கூடத்தில்தான். முந்தையது 38 நிமிடங்களில் முடிகிறது. பிந்தையது 51 நிமிடம். ஸ்வரங்கள் அவையேதாம். 1981 பதிவில் சில மாறுபாடுகளின் முதற்பாதியைத் திருப்பி வாசிப்பது நேரம் கூடுவதற்கு ஒரு காரணம்; தொடக்க மெட்டையே மிக நிதானமாக வாசிப்பது இன்னொரு காரணம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்க முயலாதீர்கள். தொடக்க மெட்டையும் முதல் ஐந்து மாறுபாடுகளையும் 1955 பதிவில் கேட்டுவிட்டு, உடனே 1981 பதிவில் கேளுங்கள். மேலே ஓடும் மெட்டை விட்டுவிட்டு இடக்கையின் கீழ் ஸ்வரங்களைப் பின்தொடருங்கள். மாறுபாடுகள் முப்பதும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. வாசிக்கும்போது கூல்ட் தாமும் முணுமுணுத்துப் பாடுவார்; அது பதிவிலேயே உள்ளது. ஸ்வரக் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டே கேட்க விரும்புபவர்கள், பதிப்புரிமை தீர்ந்த இசைத்தாள்களை இலவசமாகத் தரும் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்திலிருந்து தரவிறக்கலாம்.

இரண்டாவதாக பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனி, ஓபஸ் 67. கார்லோஸ் கிளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவோடு 1974-இல் செய்த பதிவு, சுமார் 33 நிமிடம். ஒப்பிடுவதற்கு ஜான் எலியட் கார்டினர் 1990-களில் அக்கால வகைக் கருவிகளைக் கொண்டு செய்த பதிவு. குழலும் கொம்பும் கரடுமுரடாக ஒலிக்கும். சுருதியும் சற்றுத் தாழ்ந்திருக்கும். எது உயர்ந்தது என்ற விவாதத்தில் இறங்காமல், முதல் மூவ்மென்டை மட்டும் இரண்டிலும் மாறிமாறிக் கேளுங்கள்.

7. நேரம் ஒதுக்குதல்

படைப்பின் நீளத்தை முன்பே பார்த்துவிட்டு உட்காருங்கள். 78 சுழற்சித் தட்டுக் காலத்து ஜாஸ் உருப்படி மூன்று நிமிடத்தைச் சுற்றி இருக்கும். அதற்குப் பின் வந்த, நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டின் ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடம். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனி ஒரு மணி நேரத்துக்கு மேல். மாலரின் மூன்றாம் சிம்ஃபனி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். வாக்னரின் "ரிங்" நான்கு ஓபராக்களும் சேர்ந்து ஏறத்தாழ பதினைந்து மணி நேரம். வேலைக்குப் போகிறவருக்கு எல்பியின் ஒரு பக்கமே சரியான அளவு. வார நாள்களில் தினமும் ஒரு பக்கம், ஞாயிறன்று ஒரு முழுப் படைப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு பதிவை மாதத்தில் ஏழெட்டு முறையாவது கேட்டுவிடலாம். புதிய பதிவுக்குத் தாவ வேண்டும் என்ற ஆசை இரண்டாம் வாரத்தில் வரும். அப்போது தாவாதீர்கள், மூன்றாம் வாரத்தில்தான் பின்னணியில் வாசிப்பவர்கள் காதில் விழத் தொடங்குவார்கள்.

8. தட்டு வாங்குவதாக இருந்தால்

செவ்விசைக்கு எல்பியைவிட சிடி பெட்டித் தொகுப்புகளைப் பரிந்துரைக்கிறேன். ஒரு தட்டுக்கு ஆகும் செலவு குறைவு, பதிவு விவரங்கள் கையேட்டில் அச்சாகியிருக்கும், மெல்லிய பகுதிகளில் தட்டின் கரகரப்பு குறுக்கிடாது. கணினியோடு இணைக்கும் ஒரு டிரைவ் இருந்தால் இழப்பின்றி நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எல்பிதான் வேண்டும் என்பவர்கள், ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்ய முடியாத சூட்கேஸ் வடிவ மலிவுக் கருவிகளைத் தவிர்க்க வேண்டும். நல்ல கருவியில் ஊசி ஏறத்தாழ இரண்டு கிராம் அழுத்தத்தில் ஓடும். இவற்றில் பல அதைவிட மிக அதிக அழுத்தத்தில் ஓடித் தட்டின் பள்ளங்களைத் தேய்த்துவிடும். பழைய தட்டுகளை வாங்கும்போது, விற்பவர் "விஜி" (வெரி குட்) என்று தரம் குறித்திருந்தால் கீறலும் சடசடப்பும் நிச்சயம் உண்டு என்று கொள்ளுங்கள். அமைதியான பியானோ இசைக்கு "நியர் மிண்ட்" தரத்திற்குக் கீழே இறங்க வேண்டாம். ஆரவாரமான பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் குழு) இசைக்கு "விஜி ப்ளஸ்" போதும். ஐரோப்பாவில் பதிப்புரிமைக் காலம் தீர்ந்த 1950-களின் ஜாஸ் ஆல்பங்களைச் சில நிறுவனங்கள் சிடியிலிருந்தே எடுத்து புதிய எல்பியாக விற்கின்றன. மூல நாடா பற்றி உறையில் ஒரு வரியும் இல்லையென்றால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் கீழ்க்கண்ட ஆவணங்களை முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும்: கூரியர் நிறுவனத்தின் கேஒய்சி படிவத்திற்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும், விற்பனையாளரின் இன்வாய்ஸ், பணம் செலுத்தியதற்கான சான்று. பெயரும் முகவரியும் பொதியில் உள்ளதோடு ஒத்திருக்காவிட்டால் பொதி சுங்கத்தில் நின்றுவிடும். தட்டின் விலைக்கு மட்டுமன்றி அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்தே தீர்வை கணக்கிடப்படுகிறது. பொதியோடு ஓர் எல்பி அரைக் கிலோ வரை கனக்கும் என்பதால், அனுப்பும் கட்டணம் தட்டின் விலையையே மிஞ்சுவது உண்டு. நான்கைந்து தட்டுகளைச் சேர்த்து ஒரே விற்பனையாளரிடம் வாங்கினால் ஒரு தட்டுக்கான செலவு குறையும். "அன்பளிப்பு என்று எழுதி அனுப்புகிறேன்" என்று விற்பவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது, பொய்யான அறிவிப்பால் வரும் சிக்கல் வாங்குபவரையே சேரும். சாதாரண அஞ்சலில் மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். ஏப்ரல், மே மாதங்களில் எல்பி வந்து சேரும்படி ஆர்டர் செய்யாதீர்கள். வண்டியிலும் கிடங்கிலும் வெயிலில் கிடந்தால் தட்டு வளைந்துவிடும். வந்த தட்டைப் பெட்டியிலிருந்து உடனே எடுத்து, இரு பக்கமும் ஒரு முறை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். குறை இருந்தால் விற்பனையாளர் கொடுத்துள்ள கெடு முடிவதற்குள் படத்தோடு தெரிவித்துவிடுங்கள்.